புனித பூமிக்குப் போகாத சொல்

 

இன்று ஒரு சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரே ஒரு சொல்தான். ஆங்கில வினைச்சொல். 'சாண்டர்'. நம்மில் சிலர் கதைப்புத்தகத்தில் பார்த்திருப்போம். வாயால் சொல்லியிருக்க மாட்டோம். ஆங்கிலம் பேசுகிறவர்களே தினமும் புழங்கும் சொல் அல்ல அது. நடப்பதைக் குறிக்கிறது. ஆனால் எந்த நடை? ரயிலைப் பிடிக்க ஓடுகிற நடை அல்ல. மருத்துவர் சொன்னார் என்று காலையில் மூச்சு வாங்க நடக்கிற நடையும் அல்ல. ஒரு மனிதர் தெருவில் வருகிறார். ஒரு மரத்தடியில் நிற்கிறார், அண்ணாந்து பார்க்கிறார். நாலு அடி வைக்கிறார். ஒரு திண்ணையருகே மறுபடி நிற்கிறார். வலப்பக்கம் திரும்ப நினைத்தவர் இடப்பக்கம் திரும்புகிறார். அவரைத் தடுத்து "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டால், "சும்மா" என்பார். அந்தச் 'சும்மா' நடைதான் சாண்டர். உலாவுதல் என்று நாம் சொல்வது அதற்கு மிக அருகில் வரும்.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு ஓர் அழகான விடை முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது. முதலில் அந்தக் கதையைக் கேளுங்கள்.

1095-ஆம் ஆண்டு. பிரான்சில் கிளேர்மோன் என்ற ஊர். போப்பாண்டவர் இரண்டாம் அர்பன் கூட்டத்தின் நடுவே எழுந்து, கிறிஸ்தவர்கள் ஆயுதம் ஏந்திக் கிழக்கே போக வேண்டும், எருசலேமை மீட்க வேண்டும் என்று அறைகூவல் விடுக்கிறார். சிலுவைப் போர்கள் தொடங்குகின்றன. 1099-இல் எருசலேம் சிலுவைப் படையின் கையில் விழுகிறது. அதன்பின் இரண்டு நூற்றாண்டுகள், 1291-இல் ஆக்கர் கோட்டை பறிபோகும் வரை, ஐரோப்பாவின் சாலைகளில் வாளேந்திய வீரர்கள் போனார்கள், பக்தர்கள் போனார்கள், நாடோடிகள் போனார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவன், ஏதோ ஒரு கிராமத்தில், ஒரு வீட்டு வாசலில் நின்று பிச்சை கேட்கிறான். "எங்கேயப்பா போகிறாய்?" என்று வீட்டுக்காரி கேட்கிறாள். அவன் பிரெஞ்சில் சொல்கிறான்: "ஆ லா சாந்த் தேர்." அதாவது, புனித பூமிக்கு. சோறு கிடைக்கிறது. அடுத்த வாரம் இன்னொருவன். அவனும் அதையே சொல்கிறான். சோறு கிடைக்கிறது. கொஞ்ச நாளில் ஊர்ப் பிள்ளைகள், வேலையில்லாமல் திரிகிற எவனைப் பார்த்தாலும் "அதோ வருகிறான் பார் ஒரு சாந்த்-தேர்!" என்று கத்தத் தொடங்குகிறார்கள். அந்த 'சாந்த் தேர்' தேய்ந்து தேய்ந்து 'சாண்டர்' ஆயிற்று. இதுதான் கதை.

எவ்வளவு பொருத்தம்! எவ்வளவு நயம்! கேட்டவுடன் மனத்தில் ஒட்டிக்கொள்கிறதா இல்லையா?

இந்தக் கதையைச் சொன்னவர்கள் யாரோ எவரோ அல்ல. 1755-ஆம் ஆண்டு லண்டனில் சாமுவேல் ஜான்சனின் பேரகராதி வெளிவந்தது. காஃப் ஸ்குவேர் என்ற சிறு சதுக்கத்தில், ஒரு வீட்டின் மேல்மாடியில், ஆறு உதவியாளர்களை வைத்துக்கொண்டு, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்கு அவர் பொருள் எழுதினார். ஒரு தனிமனிதர் தலைமையில் நடந்த அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது. அந்த அகராதியில் 'சாண்டர்' என்ற சொல்லுக்கு நேரே ஜான்சன் இந்தக் கதையைத்தான் வைத்தார். புனித பூமிக்குப் போவதாகப் பாசாங்கு செய்து, நாட்டைச் சுற்றித் திரிந்து, தருமம் கேட்ட சோம்பேறிகளிடமிருந்து வந்த சொல் இது என்றார். கூடவே இன்னொரு வழியையும் காட்டினார். பிரெஞ்சில் 'சான் தேர்' என்றால் நிலம் இல்லாதவன். நிலையான வீடுவாசல் இல்லாதவனிடமிருந்தும் வந்திருக்கலாம் என்றார்.

கவனியுங்கள், ஜான்சன் சொன்ன கதையில் இந்த நடைக்காரன் யார்? பாசாங்குக்காரன். சோம்பேறி. கடவுளின் பெயரைச் சொல்லி வயிறு வளர்க்கிறவன்.

இனி அட்லாண்டிக் கடலைத் தாண்டுவோம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், கான்கார்ட் என்ற சிற்றூர். 1851 ஏப்ரல் மாதம். ஊர் மக்கள் கூடிச் சொற்பொழிவு கேட்கிற லைசியம் மன்றத்தில் ஒருவர் பேச எழுகிறார். அவர் பெயர் ஹென்றி டேவிட் தோரோ. காந்தியடிகள் வழியாக நமக்கு அறிமுகமானவர். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது காந்தியடிகள் தோரோவின் சட்டமறுப்புக் கட்டுரையைப் படித்து, 1907-இல் தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் அதை எடுத்துச் சொன்னார். அந்தத் தோரோதான். வால்டன் குளக்கரையில் குடில் கட்டி இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவர். பிழைப்புக்கு நிலம் அளக்கும் வேலை செய்தவர். அன்று அவர் பேச எடுத்துக்கொண்ட பொருள் நடை.

தினமும் குறைந்தது நான்கு மணி நேரம், உலக அலுவல் எதுவும் மனத்தில் இல்லாமல், காட்டிலும் மேட்டிலும் நடக்காவிட்டால் தம் உடலும் உள்ளமும் நலமாக இருக்காது என்றார் தோரோ. நடக்கும் கலையை அறிந்தவர்கள் என்று தம் வாழ்நாளில் ஒன்றிரண்டு பேரைத்தான் கண்டிருப்பதாகச் சொன்னார். அந்தக் கலைக்கு அவர் எடுத்த சொல் எது? சாண்டர். அதற்குச் சொன்ன பிறப்புக்கதை எது? ஜான்சன் சொன்ன அதே புனித பூமிக் கதை. அதே பிச்சைக்காரன். பிள்ளைகளின் கூச்சல் மட்டும் தோரோவின் கதையில் வருவது.

ஆனால் என்ன செய்தார் தெரியுமா? கதையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டார்! புனித பூமிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகாதவர்கள்தான் வெறும் சோம்பேறிகள், உண்மையிலேயே அங்கே போகிறவர்களே நல்ல பொருளில் சாண்டரர்கள் என்றார். இரண்டாவது கதையையும் விடவில்லை. நிலமற்றவன் என்றால் என்ன? ஓரிடம் சொந்தமில்லாதவனுக்கு எல்லா இடமும் வீடு என்றார். வளைந்து வளைந்து போகிற ஆற்றை வீணாகத் திரிகிறது என்று சொல்லலாமா, அது கடலுக்குக் குறுக்குவழியைத் தேடியல்லவா போகிறது என்று கேட்டார். இரண்டில் எது சரி? புனித பூமிக் கதையே உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். ஏனென்றால் ஒவ்வொரு நடையும் ஒரு சிலுவைப் பயணம் என்பது அவர் எண்ணம்.

அந்தச் சொற்பொழிவை அவர் பல ஆண்டுகள், பல ஊர்களில் நிகழ்த்தினார். திருத்தினார், கூட்டினார். காசநோய் முற்றிப் படுத்த படுக்கையான பிறகு, தங்கை சோஃபியாவின் துணையோடு அச்சுக்குத் தயார் செய்தார். 1862 மே 6 அன்று, 44 வயதில், தோரோ காலமானார். அடுத்த மாதம், ஜூன் 1862 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் 'நடை' என்ற அந்தக் கட்டுரை வெளிவந்தது. நடக்க முடியாத ஒருவர் கடைசியாகத் திருத்திய எழுத்துகளில் ஒன்று, நடையைப் பற்றியது.

அதன்பின் கதை மலையேறியது. ஜான் மியூர் என்று ஒருவர். ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1867-இல் கென்டக்கியிலிருந்து ஃப்ளோரிடா வளைகுடாக் கரை வரை ஆயிரம் மைல் நடந்தவர். கலிஃபோர்னியாவின் சியரா மலைத்தொடரைக் காக்கப் போராடியவர். ஒருநாள் மலைப்பாதையில் அவரிடம் ஓர் இளம் பாதிரியார் கேட்டார்: "ஐயா, மலையில் விறுவிறுவென்று நடப்பதைக் குறிக்க 'ஹைக்' என்கிறார்களே, அந்தச் சொல் உங்களுக்குப் பிடிக்காதாமே?" மியூர் ஆமாம் என்றார். அந்தச் சொல்லும் பிடிக்காது, அந்தச் செயலும் பிடிக்காது, மலையில் சாண்டர் செய்ய வேண்டும் என்றார். பிறகு அதே புனித பூமிக் கதையைச் சொன்னார். இந்த மலைகள் நம்முடைய புனித பூமி அல்லவா என்றார். அந்தப் பாதிரியார் இதை 1911-இல் ஒரு சிறு நூலில் எழுதி வைத்தார். அவர் பெயர் ஆல்பர்ட் பால்மர். இந்தப் பால்மர் என்ற பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவேன்.

ஜான்சன் சொன்னார். தோரோ சொன்னார். மியூர் சொன்னார். மூன்று பேரும் பெரியவர்கள். மூன்று பேர் மீதும் எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு.

ஆனால் அன்பர்களே, கதை உண்மையா?

உண்மை என்று காட்டச் சான்று இல்லை. அது மட்டுமல்ல, உண்மையாக இருக்க முடியாது என்று நினைக்கத் தக்க காரணங்கள் இருக்கின்றன. சிலுவைப் போர்களின் காலம் 1291-இல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 'சாண்டர்' என்ற சொல், மெதுவாக நடத்தல் என்ற பொருளில் எழுத்தில் தலைகாட்டுவதோ 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். இடையில் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல். வீதியில் பிள்ளைகள் கத்தினார்கள் என்றால், பாடல்களில், நாடகங்களில், வழக்குமன்ற ஏடுகளில் எங்காவது ஓரிடத்தில் ஒரு 'சாந்த்-தேர்' சிக்கியிருக்க வேண்டாமா?

சரி, அந்தக் காலத்தில் எருசலேம் போய்வந்தவர்களுக்குப் பெயரே இல்லாமலா இருந்தது? இருந்தது! அங்கேதான் நம் பால்மர் வருகிறார். புனித பூமிக்குப் போய்த் திரும்புகிறவர்கள் அடையாளமாக ஒரு குருத்தோலையைக் கொண்டுவருவார்கள். அந்த ஓலையைத் தரும் மரத்துக்கு ஆங்கிலத்தில் 'பாம்'. நம் பாமாயிலில் இருக்கிற அதே பாம். ஓலை கொண்டுவந்தவன் 'பால்மர்'. ஆங்கிலக் கவி சாசரின் எழுத்தில் இந்தச் சொல் இருக்கிறது. இத்தாலியில் தாந்தே இன்னும் தெளிவாகப் பிரித்தே சொல்லிவிட்டார். 'வீட்டா நுவோவா' நூலில், கடல் தாண்டிப் போகிறவர்கள் ஓலைக்காரர்கள், ரோமுக்குப் போகிறவர்கள் ரோமேயிகள், ஸ்பெயினில் சாந்தியாகோவுக்குப் போகிறவர்களே பெரெக்ரீனிகள் என்று மூன்று பெயர் தருகிறார். பிறகு அந்தப் பால்மர் என்ற சொல் பரம்பரைப் பெயராக மாறி இன்றும் ஆயிரமாயிரம் குடும்பங்களில் வாழ்கிறது. எண்ணிப் பாருங்கள்! மியூரின் வாயால் அந்தக் கதையைக் கேட்டு எழுதி வைத்த பாதிரியார், உண்மையான புனித பூமிச் சொல்லைத் தம் பெயரிலேயே சுமந்துகொண்டிருந்தார்!

ரோமுக்குப் போகிறவர்கள் என்றேனே, அதிலும் ஒரு கதை உண்டு. சுற்றித் திரிவதைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ரோம்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. நகரத்தின் பெயரும் ரோம்தான். ஆகவே ரோமுக்கு யாத்திரை போனவர்களிடமிருந்து அந்தச் சொல் வந்தது என்று சொல்லிவிட்டார்கள். இதையும் அகராதிக்காரர்கள் ஏற்கவில்லை.

அப்படியானால் யாத்திரையிலிருந்து எந்த நடைச்சொல்லும் பிறக்கவே இல்லையா? பிறந்திருக்கிறது. ஒன்று பிறந்திருக்கிறது. கேளுங்கள்.

1170 டிசம்பர் 29. இங்கிலாந்தில் கேன்டர்பரிப் பேராலயத்துக்குள்ளேயே பேராயர் தாமஸ் பெக்கட்டை அரசனின் நான்கு வீரர்கள் வெட்டிக் கொன்றார்கள். மூன்று ஆண்டுக்குள் அவர் புனிதர் ஆனார். அவர் கல்லறையைத் தேடி மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் தம் காவியத்தில், லண்டன் ஆற்றுக்குத் தென்கரையில் டபார்ட் சத்திரத்திலிருந்து ஏறத்தாழ முப்பது பேரைக் குதிரையில் ஏற்றி அந்த வழியில்தான் அனுப்பினார். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வழிநெடுகக் கதையும் பாட்டுமாகப் போவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தைக் கண்முன் கொண்டுவருவது கடினமே இல்லை. அந்தக் கேன்டர்பரி வழியில் குதிரையைப் பாய்ச்சலிலும் விடக்கூடாது, சும்மா நடக்கவும் விடக்கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு சீரான, அலுங்காத ஓட்டம். 1538-இல் எட்டாம் ஹென்றி அந்தச் சமாதியை இடித்துத் தள்ளினான். சமாதி போயிற்று, யாத்திரை போயிற்று. ஓட்டத்தின் பெயர் போகவில்லை. அதைக் 'கேன்டர்பரி நடை' என்றார்கள், 'கேன்டர்பரிப் பாய்ச்சல்' என்றார்கள். பிறகு வெறும் 'கேன்டர்பரி'. 18-ஆம் நூற்றாண்டில் இன்னும் சுருங்கி 'கேன்டர்'. இன்றும் பந்தயத் திடல்களில் குதிரைப் பயிற்சியாளர் பேசுகிற சொல் அது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கேன்டரும்தானே சமாதி இடிந்து பல காலம் கழித்து வருகிறது? கால இடைவெளி இருந்தால் பொய் என்றால், இதுவும் பொய்தானே? நல்ல கேள்வி. இடைவெளி மட்டும் ஒரு சொல்லைத் தள்ளிவிடாது. கேன்டருக்குப் படிக்கட்டு இருக்கிறது. முழுப்பெயர், பிறகு பாதிப்பெயர், பிறகு குறுகிய பெயர் என்று ஒவ்வொரு படியும் யாரோ ஒருவர் எழுதிய எழுத்தில் நிற்கிறது. சாண்டருக்கோ கீழே ஒரு கதை, மேலே ஒரு சொல், நடுவில் ஒரு படிகூட இல்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

படிகளை எப்படித் தேடுகிறார்கள்? ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 1884-இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928-இல் நிறைவுற்றது. ஜேம்ஸ் மரே அதன் தலைமைப் பதிப்பாசிரியர். ஊர் ஊராகப் பொதுமக்கள் பழைய நூல்களைப் படித்து, ஒரு சொல் வருகிற இடத்தை உள்ளங்கையளவு சீட்டில் எழுதி, நூலின் பெயரும் ஆண்டும் குறித்து அனுப்பினார்கள். லட்சக்கணக்கான சீட்டுகள்! அனுப்பியவர்களில் ஆசிரியர்கள் உண்டு, இல்லத்தரசிகள் உண்டு, சம்பளம் வாங்கியவர் மிகச் சிலர். அந்தச் சீட்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்கினால், சொல் எப்போது வந்தது, எப்படி மாறியது என்று சொல்லே வாய் திறந்து சொல்லும். அந்த உழைப்பு சாண்டருக்குக் கண்டுபிடித்த தொடக்கம் என்ன தெரியுமா?

15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'சான்ட்ரென்' என்று ஒரு வினைச்சொல் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் பொருள் நடப்பதே அல்ல! சிந்தனையில் ஆழ்ந்திருத்தல். ஒன்றை நினைத்து, நினைத்து, முடிவுக்கு வராமல் மனம் அலைதல். இந்தச் சான்ட்ரெனும் பின்னால் வந்த சாண்டரும் ஒரே சொல்லா, ஒரே உருவம் கொண்ட இரண்டு சொற்களா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை. துணிந்து இறங்குதல் என்ற பொருளுடைய ஒரு பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. ஆகவே நல்ல அகராதியைத் திறந்தால், பிறப்பு உறுதியாகத் தெரியவில்லை என்றுதான் எழுதியிருக்கும்.

மாணவச் செல்வங்களே, அந்த ஒரு வரியைக் கண்டு ஏமாந்து போகாதீர்கள். அதை எழுதுவதற்கு எவ்வளவு படித்திருக்க வேண்டும்! ஒரு கதையை இட்டு நிரப்புவது எளிது. கேட்கிறவர்கள் கைதட்டுவார்கள். எத்தனையோ ஏடுகளைத் தேடிப் பார்த்துவிட்டு, அந்தக் கைதட்டலும் வேண்டாம் என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டார்களே, அந்த நேர்மை எனக்குப் புனித பூமியைவிடப் புனிதமாகப் படுகிறது.

அப்படியானால் கதை ஏன் சாகவில்லை? இதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நமக்குச் சும்மா நடக்கிறவனைக் கண்டால் பொறுப்பதில்லை. ஜான்சனுக்குப் பொறுக்கவில்லை, அவனைப் பாசாங்குக்காரன் ஆக்கினார். தோரோவுக்கு அவன் மீது அன்பு. ஆனால் அவராலும் அவனைச் சும்மா விட முடியவில்லை. அவன் கையில் ஒரு புனித பூமியைக் கொடுத்துத்தான் அனுப்பினார். உலக அலுவல் எதுவும் இல்லாமல் நடக்க வேண்டும் என்று அவ்வளவு அழகாகச் சொன்ன மனிதர், கடைசியில் அந்த நடைக்கு ஓர் ஊரைக் காட்டினார். அந்தக் காலத்து உழைப்பாளிச் சமூகத்தின் முன் நின்று பேசியவருக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். எனக்கு அது தேவையாகத் தோன்றவில்லை. பழைய சான்ட்ரென் என்ன சொல்கிறது? மனம் நிற்காமல் அலைகிறது, அவ்வளவுதான் சொல்கிறது. எங்கே போகிறது என்று அது சொல்லவில்லை. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இரண்டும் ஒரே சொல்தான் என்று ஒருநாள் நிறுவப்படுமானால், இந்த வினை முதலில் மனத்தில் நடந்து, இருநூறு ஆண்டு கழித்துக் காலுக்கு இறங்கியது என்று ஆகும். தோரோ இதை அறிந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

பழைய சான்ட்ரென் எங்கே வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெலுசீன் என்ற பெண்ணின் கதை. வாரத்தில் ஒருநாள் இடுப்புக்குக் கீழே பாம்பாக மாறுகிறவள். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த நீண்ட பாட்டுக்கதை அது. அதில் ஓரிடத்தில் ஒருவன், குறிப்பிட்ட குலத்தில் பிறந்தவன்தானா தான் என்று தெரியாமல், எண்ணி எண்ணிக் குழம்புகிறான். அந்தக் குழப்பத்தைச் சொல்லத்தான் சான்ட்ரென் வருகிறது. தன் குலம் தெரியாதவனைச் சொல்ல வந்த சொல், இன்று தன் குலமே தெரியாத சொல்.

அந்த மெலுசீனைத் தங்கள் குலத்தாய் என்று சொல்லிக்கொண்ட பிரபுக் குடும்பம் பிரான்சில் ஒன்று உண்டு: லூசின்யான் குடும்பம். அதில் பிறந்த கீ என்பவன் 1186-இல் எருசலேமின் அரசனானான். மறு ஆண்டே ஹத்தீன் போர்க்களத்தில் சுல்தான் சலாவுதீனிடம் சிறைப்பட்டு, அந்த நகரை இழந்தான். இந்தச் சொல்லுக்கும் புனித பூமிக்கும் இடையே எழுத்துச் சான்றோடு நான் கண்ட உறவு இது ஒன்றுதான்.